எஃப்/1.8 போதுமா, எஃப்/1.2 வேண்டுமா: முதல் பிரைம் லென்ஸ் வாங்கும் முன்

கேமராவோடு வந்த கிட் ஜூமோடு பழகி, ஷட்டரும் ஐஎஸ்ஓவும் (சென்சரின் ஒளி உணர்திறன்) கைக்கு வந்தபின் முதல் பிரைம் லென்ஸ், அதாவது ஜூம் இல்லாத, ஒரே குவியத்தூரம் கொண்ட லென்ஸ் வாங்க நினைப்பவர்களுக்கு இது. எஃப் எண் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கப் போவதில்லை; எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது என்பது நினைவிருந்தால் போதும். பெரிய துளை லென்ஸுக்குக் கொடுக்கும் பணமும் அதன் எடையும் எதற்காக என்று பிரித்துப் பார்க்கப் போகிறோம். பெரும்பாலும் அது வெளிச்சத்துக்காக இருக்காது.

படி 1: குவியத்தூரம்

ஜூமில் எடுத்த படங்களில் பிடித்தவற்றை மட்டும் எடுத்து, குவியத்தூர (லென்ஸில் மி.மீ.யில் போட்டிருக்கும் எண்; கூடினால் காட்சி நெருங்கி வரும்) வாரியாகப் பிரியுங்கள். லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் முடியும்; நான் டார்க்டேபிள்தான் வைத்திருக்கிறேன், இலவசம், இந்த வேலைக்கு அதுவே அதிகம். படங்கள் 35 மி.மீ. பக்கம் குவிந்தால் 50 வாங்காதீர்கள், ஊரே 50-ஐப் பரிந்துரைத்தாலும்.

படி 2: வெளிச்சம்

ஒரு எஃப் எண்ணை மற்றதால் வகுத்து வர்க்கம் எடுங்கள். 1.8-ஐ 1.2-ஆல் வகுத்தால் 1.5, வர்க்கம் 2.25; அத்தனை மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதாவது ஐஎஸ்ஓ 3200-இல் எடுக்கும் படத்தை 1400 அளவில் எடுக்கலாம். எஃப்/1.4 என்றால் 2000 பக்கம் வரும். படத்தைப் பெரிதாக்காமல் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படுவது கடினம். இருட்டில் ஓடுகிற ஆட்களை எடுப்பவருக்கு இது முக்கியம்தான். மற்றவர்கள் இதற்காக மட்டும் பணம் போட வேண்டாம்.

படி 3: பின்னணி மங்கல்

"எனக்கு போக்கே (பின்னணி கரைந்து மங்குவது) வேண்டும், அதனால் 1.2" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். ஆளைச் சட்டத்தில் ஒரே அளவில் வைத்து எடுக்கும்போது, தூரத்துப் பின்னணி எவ்வளவு கரையும் என்பதை இந்த விட்டம்தான் தீர்மானிக்கிறது.

50 எஃப்/1.2-க்கு விட்டம் 42 மி.மீ. வரும். 85 எஃப்/1.8-க்கு 47. விலை குறைந்த லென்ஸ்தான் ஜெயிக்கிறது! சோனியில் அந்த 85-இன் எடை 371 கிராம், 50 எஃப்/1.2 ஜிஎம்மின் எடை 778 கிராம். பின்னால் தள்ளி நிற்க இடம் இருந்தால் போதும்.

படி 4: எடை எங்கே போகிறது

கேனன் ஆர்எஃப் 50 எஃப்/1.8 லென்ஸின் எடை 160 கிராம். நிக்கான் இசட் 50 எஃப்/1.8 எஸ் 415 கிராம். எஃப் எண் ஒன்றுதான், எடை இரண்டரை மடங்கு. உள்ளே பார்த்தால் காரணம் தெரியும்: முதலாவதில் 6 கண்ணாடிகள், இரண்டாவதில் 12. ஆறு கண்ணாடி அமைப்பு பழைய சங்கதி, 1896-இல் பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானார் வழியில் வருவது. நடுப்பகுதி நன்றாகவே இருக்கும். துளையை முழுக்கத் திறந்தால் மூலைகள் தளரும், கூர்மையான ஓரங்களில் ஊதாவும் பச்சையும் கசியும். கூடுதல் கண்ணாடிகள் இவற்றைத் திருத்தத்தான்.

ஆகவே கேள்வி, எஃப்/1.8-இலேயே மூலைவரை கூர்மை உங்களுக்கு வேண்டுமா என்பது. முகம் எடுப்பவருக்கு மூலையில் இருப்பது எப்படியும் மங்கல். இரவு வானம் எடுப்பவருக்கு மூலை நட்சத்திரம் சிறகு முளைத்தால் படமே போச்சு. மூலை இருட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், மென்பொருளில் ஒரு டிக். வண்ணக் கசிவு அப்படி முழுதாகப் போகாது.

விலையைப் பற்றி ஒரே வார்த்தை: ஆர்எஃப் 50 எஃப்/1.2 எல் வெளியானபோது அதன் விலை 1.8-இன் விலையைப் போலப் பத்து மடங்குக்கு மேல். எடை 950 கிராம், ஃபில்டர் அளவு 43-க்குப் பதில் 77 மி.மீ. அந்தப் பணத்தில் நானாக இருந்தால் வேறு வேறு குவியத்தூரத்தில் இரண்டு மூன்று எஃப்/1.8 வாங்குவேன்.

படி 5: வாங்கியதும் சுவர் சோதனை

திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் செய்துவிடுங்கள். சுவரின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் செய்தித்தாள் ஒட்டி, 50 மி.மீ. என்றால் இரண்டரை மீட்டர் தள்ளி முக்காலியில் கேமரா. சோதனை கெடுவது அடுத்த இடத்தில்தான். கேமரா சுவருக்கு நேராக இல்லாவிட்டால் நல்ல லென்ஸும் ஒரு பக்கம் மங்கலாகத் தெரியும். கண்ணால் பார்த்து நேராக வைக்க முடியாது. முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் படுகிற மாதிரி நடுவில் வையுங்கள். திரையின் நட்டநடுவில் உங்கள் லென்ஸே தெரியும்வரை முக்காலியை நகர்த்திக் கேமராவைத் திருப்புங்கள். அப்புறம் கண்ணாடியை எடுத்துவிட்டு, கை நடுக்கத்தைச் சரிசெய்யும் நிலைப்படுத்தியை அணைத்து, இரண்டு நொடி டைமரில் ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுங்கள். முழுத் திறப்பில் ஒன்று, எஃப்/2.8-இல் ஒன்று, எஃப்/5.6-இல் ஒன்று.

நடுவில் ஃபோகஸ் செய்து நான்கு மூலைகளும் ஒரே மாதிரி தளர்ந்தால் அது அந்த வடிவமைப்பின் குணம். ஒரு மூலை மட்டும் தளர்ந்தால் உங்கள் கைக்கு வந்த லென்ஸில் உள்கண்ணாடி ஒன்று அச்சு விலகியிருக்க வாய்ப்பு அதிகம். மாற்றிக் கேளுங்கள்.

பின்சேர்க்கை 1: சுவர் சோதனை செய்துவிட்டு நான்கு மூலையும் மோசம் என்று எனக்கு எழுதியவர்கள், மூலையிலேயே ஃபோகஸ் செய்து இன்னொரு படம் எடுங்கள். இப்போது மூலை தெளிந்தால் லென்ஸின் குவியத் தளம் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். தட்டையான சுவரை எடுக்காதவரை இது பெரிதாகத் தெரியாது.

பின்சேர்க்கை 2: ஏபிஎஸ்-சி கேமராவில் (ஃபுல் ஃபிரேம் எனப்படும் 35 மி.மீ. ஃபிலிம் அளவைவிடச் சிறிய சென்சர் கொண்டது) இந்தக் கணக்கு மாறுமா என்று கேட்டிருந்தீர்கள். ஃபுல் ஃபிரேமைவிட 1.5 மடங்கு சிறிய சென்சரில் 35 எஃப்/1.8 பார்ப்பதற்கு 52 மி.மீ. போலவும், மங்கலில் எஃப்/2.7 போலவும் நடக்கும். எக்ஸ்போஷர் எஃப்/1.8-தான். ஃபுல் ஃபிரேம் லென்ஸை மாட்டினால் அதன் தளர்ந்த மூலைகள் சட்டத்துக்கு வெளியே போய்விடும். அதனால் ஏபிஎஸ்-சிக்காரர்கள் 4-ஆம் படியில் அந்த 160 கிராம் லென்ஸின் மூலைகளை நினைத்து அதிகம் தயங்க வேண்டாம்.