தொட்டவுடன் ஆள் சிலையாகும் காட்சியைப் படமாக்குவது எப்படி?

2006 ஜனவரியில் சீன அரசுத் தொலைக்காட்சியின் சிசிடிவி-8 அலைவரிசையில் ஒளிபரப்பான ‘வூலின் வாய்ஜுவான்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு விரல்கள் மறக்காது. மிங் அரச வம்சக் காலத்துச் சத்திரம் ஒன்றில் நடக்கும் 80 பகுதி நகைச்சுவை அது. நிங் சாய்ஷென் எழுத்து, ஷாங் ஜிங் இயக்கம். சத்திரத்தில் பரிமாறும் பாய் ஜான்தாங் முன்னாள் திருடன். அவன் ‘சூரியகாந்திப் புள்ளித்தொடு கை!’ என்று கத்திக்கொண்டே எதிராளியின் மார்பில் குத்தினால், ஆள் அப்படியே உறைந்து நிற்பார். கம்பி கட்டிப் பறக்கத் தேவையில்லை, கணினி வரைகலையும் தேவையில்லை. குறும்படம் எடுப்பவர்களுக்கு வூஷியா (சீன வீரசாகசக் கதை) வித்தைகளில் செலவு குறைந்தது இதுதான், சொதப்புவதற்கு மிக எளிதானதும் இதுதான்.

முதலில் வித்தைக்குச் சட்டம் எழுதுங்கள். உறைந்தவருக்குக் காது கேட்குமா? கண்மணி அசையுமா? பேச்சு வருமா? தொட்டவர்தான் விடுவிக்க வேண்டுமா? நான்கு கேள்விக்கும் பதிலை ஒரு தாளில் எழுதிக் குழுவில் எல்லோருக்கும் கொடுங்கள். முதல் காட்சியில் பேச முடியாதவர் இரண்டாவதில் முனகினால், பார்ப்பவர் அதோடு நம்புவதை விட்டுவிடுவார். காது கேட்கட்டும், வாய் அசையக் கூடாது என்று வைத்துக்கொள்வதே லாபம்; ஏன் என்பது பின்னால் தெரியும்.

பெயர் படாடோபமாக இருக்கட்டும். சூரியகாந்தி என்றதும் வூஷியா எழுத்தாளர் ஜின் யோங்கின் நாவலில் வரும், கற்பவன் தன் ஆண்மையையே அறுத்துக்கொள்ள வேண்டிய பயங்கரச் சுவடி சீன ரசிகர்களுக்கு நினைவு வரும். அதைத் தோளில் துண்டு போட்ட பரிமாறுகிறவன் கத்துகிறான். குத்துபவர் பெயரை முழுதாகச் சொல்லி முடித்த பிறகே கை பாய வேண்டும். அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட வேண்டாம்.

கையமைப்பு வாள் விரல்: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து நீள, மற்ற இரண்டையும் மடக்கிக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். விரல்களை விறைப்பாக வைத்து வேகமாகக் குத்தினால் மூட்டு பிசகும்; லேசாக வளைத்து, துணிக்கு 2, 3 செ.மீ. முன்பே நிறுத்திப் பழகுங்கள். இலக்கு தோளெலும்புக்குக் கீழே, மார்பின் ஓரம். கழுத்துப் பக்கம் ஒத்திகையில்கூடப் போகக் கூடாது. தாடைக்குக் கீழே தமனியை அழுத்தினால் நிஜமாகவே ஒருவர் மயங்கி விழக்கூடும். வர்மம் தெரிந்த நண்பர் இருந்தால் ஆலோசனை கேட்கலாம், ‘கொஞ்சம் நிஜமாகவே போடுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த இடைவெளியை மறைப்பது கேமராவின் வேலை. பக்கவாட்டில் வைத்தால் பிடிபடும். குத்துபவரின் தோளுக்குப் பின்னால் வைத்தால் கையே இடைவெளியை மூடிக்கொள்ளும். செல்பேசியை அருகில் கொண்டு போகாமல் நாலடி பின்வாங்கி இரண்டு மடங்கு ஜூம் செய்யுங்கள். விரலும் மார்பும் ஒட்டியதுபோல் தெரியும்.

அடுத்தது உறைவது. இதில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்கிறார்கள். மனிதர் சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை இமைப்பார். அதனால் உறைந்தவரின் முகம் தெரியும் ஷாட் 6 வினாடியைத் தாண்ட வேண்டாம். இடையிடையே அவருடைய முதுகுப்பக்க ஷாட்டுகளைச் செருகுங்கள், அங்கே அவர் இமைத்துக்கொள்ளலாம். ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன் இரண்டு வினாடி கண்ணை இறுக மூடித் திறக்கட்டும். பார்வை சற்றுக் கீழே இருந்தால் கண் சீக்கிரம் உலராது. மூச்சை அடக்கச் சொல்லாதீர்கள். அடக்கினால் கழுத்து நரம்பு புடைத்துக் காட்டிக்கொடுக்கும். மெல்ல வயிற்றால் மூச்சுவிட்டு, இடைக்கச்சையைத் தளர்த்திக் கட்டினால் அங்கி அதை மறைத்துவிடும். முழங்காலைப் பூட்டி நிற்கக் கூடாது. ரத்தம் காலிலேயே தங்கித் தலைசுற்றும். கையை நீட்டியபடி உறைந்தால் சீக்கிரமே தோள் நடுங்கத் தொடங்கும்; முழங்கையை மேசையிலோ தூணிலோ சாய்க்க வழி பாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். குத்திய கணத்தில் உடையின் குஞ்சம் ஆடி அடங்குவது இயல்பு, அடங்கிய பிறகு மறுபடி ஆடினால்தான் கெட்டது.

எடிட்டிங்கில் படத்தை உறைய வைத்து வெட்டி ஒட்டினால் போதாதா என்பார்கள். கேமரா முக்காலியில் அசையாமல் நின்று, யாரும் அவருக்குக் குறுக்கே போகாவிட்டால் ஒப்பேறும். ஆனால் பக்கத்தில் நடப்பவரின் நிழல் அவர்மேல் விழாது. காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண்ணில் அது உறுத்தும்.

வேகத்துக்கு ஹாங்காங் சண்டைப் படக்காரர்களின் பழைய உத்தி இருக்கிறது: வினாடிக்கு 22 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டுவது, அதாவது சுமார் 9 சதவீதம் கூடுதல் வேகம். நீங்கள் எடிட்டிங்கில் குத்தும் ஷாட்டை மட்டும் 110 முதல் 120 சதவீதம் ஆக்கினால் போதும். அதற்கு மேல் போனால் ஊமைப்பட ஓட்டமாகிவிடும். ஒலிக்கு மெல்லிய பிரம்பு வீச்சும், துணி சுற்றிய பலகையில் விரலால் இரண்டு தட்டும் பதிவு செய்யுங்கள். 25 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் 40 மில்லிவினாடி; வீச்சு நாலைந்து ஃபிரேம் முன்னே தொடங்கி, தட்டு சரியாகத் தொடும் ஃபிரேமில் விழ வேண்டும். கனமான ‘தொம்’ ஒலி போட்டால் அடிபட்டது போலாகிவிடும், சிரிப்பு வராது. தட்டுக்குப் பிறகு அரை வினாடி யாரும் பேசக் கூடாது.

சிரிப்பு குத்தில் இல்லை, அதன் பிறகு சுற்றி நடமாடுகிறவர்களிடம் இருக்கிறது. காது கேட்கட்டும் என்றது இதற்குத்தான். உறைந்தவர் முன்னாலேயே அவருடைய கடன்பாக்கியைக் கணக்குப் பார்க்கலாம், நீட்டிய கையில் ஈரத்துண்டைக் காயப்போடலாம், பிறகு அந்தக் கையிலிருந்தே காசை எடுத்துக்கொள்ளலாம். உரிமை மீறல் படிப்படியாக ஏறட்டும். மூன்றுக்கு மேல் அடுக்கினால் சலிக்கும். நடமாடுகிறவர்கள் அவரை நாற்காலியைப் போலவே பாவிக்க வேண்டும், ஒருவர் கேலியாகப் பார்த்துவிட்டாலும் காட்சி கெட்டது.

ஐந்து நிமிடப் படத்தில் வித்தையை மூன்று முறை காட்டலாம். முதல் முறை பலிக்கும். இரண்டாவதில் தப்பான ஆள்மேல் விழும். மூன்றாவதில் பலிக்கக் கூடாது, ஆனால் காரணத்தை முன்பே காட்டியிருக்க வேண்டும்: வில்லன் தொடக்கத்திலேயே தடித்த சுட்ட ரொட்டியைச் சட்டைக்குள் செருகுவதை ஒரு கணம் காட்டிவிடுங்கள். காட்டாமல் கடைசியில் எடுத்தால் ஏமாற்று.

விடுவிக்கும் ஷாட்டைப் படப்பிடிப்பின் கடைசிக்குத் தள்ளாதீர்கள். உறைந்த ஷாட் முடிந்ததும், ஆள் நகர்வதற்குள், அதையும் எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் பாதத்தைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டி, செல்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். உறைந்தபோது வசனம் எந்த எழுத்தில் நின்றதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘உன்னைக் கொன்...’ என்று நின்றவர் விடுபட்டதும் ‘...னுடுவேன்!’ என்றுதான் தொடங்க வேண்டும், அதற்குள் அறையில் யாரும் இல்லாவிட்டாலும்.