இருபடிச் சமன்பாட்டில் ஒரு விடை தொலையும் இடங்கள்

ஓர் எண்ணின் வர்க்கம், அதே எண்ணின் 5 மடங்குக்குச் சமம். அந்த எண் எது? இருபுறமும் அந்த எண்ணாலேயே வகுத்து, "5" என்று முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். பூச்சியமும் பொருந்துகிறதே, அதை எங்கே விட்டார்கள்? வகுத்த அந்த வரியில்தான். தெரியாத எண் பூச்சியமாகவும் இருக்கலாம்; பூச்சியத்தால் வகுக்க முடியாது. எல்லா உறுப்புகளையும் ஒரே பக்கம் கொண்டுவந்து, பொதுக் காரணியை வெளியே எடுத்தால் 0, 5 இரண்டும் கிடைக்கும்.

மறுபக்கம் 0 இருப்பது மிக முக்கியம். இரண்டு எண்களின் பெருக்கல் 0 என்றால் அவற்றில் ஒன்றாவது 0 ஆகத்தான் வேண்டும். வேறு எந்த எண்ணுக்கும் இந்தக் குணம் கிடையாது. அடுத்தடுத்த இரு முழு எண்களின் பெருக்கல் 12 என்றால், ஒவ்வொன்றையும் தனித்தனியே 12-க்குச் சமப்படுத்துவது பெரும் பிழை. சிறிய எண் 3 அல்லது −4.

வர்க்கமூலம் எடுக்கும்போது ± போட மறக்காதீர்கள். வர்க்கம் 49 என்றால் 7 மட்டுமல்ல, −7-உம் விடை.

ax² + bx + c = 0 என்பதன் விடைகளைத் தரும் (−b ± √(b² − 4ac)) / 2a என்ற சூத்திரத்தில் குறிகள்தான் காலை வாரும். கெழுக்கள் 2, −6, மாறிலி −20 (அதாவது 2x² − 6x − 20 = 0) என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்மைகாட்டி, அதாவது வர்க்கமூலத்துக்குள் வரும் b² − 4ac, 36 + 160 = 196. மாறிலியின் கழித்தல் குறியை விட்டுவிட்டு 36 − 160 என்று எழுதினால், "மெய் மூலங்கள் (மெய்யெண் விடைகள்) இல்லை" என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். நடுக் கெழுவின் குறி மாறி +6 ஆகும். 6 ± 14 முழுவதையும் 4-ஆல் வகுக்க வேண்டும். 14-ஐ மட்டும் அல்ல. மூலங்கள் 5, −2. சரிபார்க்க அரை நிமிடம் போதும்: மூலங்களின் கூடுதல் 3, அதாவது −b/a = 6/2. பெருக்கல் −10, அதாவது c/a = −20/2.

வாக்கியக் கணக்கில் ஒரு விடையைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவதும் தவறு. 12ஆம் நூற்றாண்டில் இந்தியக் கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் தந்த குரங்குக் கணக்குகள் இதற்கு அருமையான பயிற்சி. கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் தோப்பில் துள்ளுகிறது, மீதி 12 குன்றின்மேல்: 16, 48 இரண்டுமே சரி. இன்னொன்றில், ஐந்தில் ஒரு பங்கில் 3 குறைத்து, அதன் வர்க்கம் குகைக்குள் போகிறது. 1 மட்டும் வெளியே. விடைகள் 50, 5. இரண்டும் சமன்பாட்டுக்குப் பொருந்துகின்றன. ஆனால் 5-இன் ஐந்தில் ஒரு பங்கு 1. அதில் 3 குறைத்தால் −2 குரங்குகள்! அதனால் 5-ஐ அவர் ஏற்கவில்லை. விடையைச் சமன்பாட்டில் மட்டும் போட்டுப் பார்க்காமல், கேள்வியின் ஒவ்வொரு சொற்றொடரிலும் போட்டுப் பாருங்கள்.