கடையின் பெயரில் கிரெடிட் கார்டு: எங்கே சறுக்குகிறார்கள்?

புதுச்சேரி நேரு வீதியிலும் கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் தலைமுறையாகக் கடை நடத்துபவர்களுக்குக் கடன் கொடுப்பது புதிதல்ல. ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று பலகை மாட்டிவிட்டு, அதன் கீழேயே கணக்கு நோட்டை விரித்து வைப்பவர்கள்தாம் நாம். அந்த நோட்டில் எழுதிய தொகை வராமல் போனால் நட்டம் கடைக்காரருக்கு. வங்கியோடு கூட்டுச் சேர்ந்து தரும், கடையின் பெயர் பொறித்த கிரெடிட் கார்டில் அந்தச் சுமை வங்கிக்குப் போகிறது. விற்ற பணம் ஓரிரு நாளில் கணக்கில் ஏறிவிடும், சலுகையை நினைத்து வாடிக்கையாளரும் மறுபடி அதே கடைக்கு வருவார். ஆதாயம் இவ்வளவு பளிச்சென்று தெரிவதால்தான் மற்ற விவரங்களைப் பலர் கேட்பதே இல்லை.

கார்டு தன்னுடையது என்று கடை நினைத்துக்கொள்வதில் சிக்கல் தொடங்குகிறது. இந்தியாவில் கிரெடிட் கார்டை வெளியிடக்கூடியவை வங்கிகளும், ரிசர்வ் வங்கி அனுமதித்த நிதி நிறுவனங்களும் மட்டுமே. ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளின்படி, கூட்டாளியாகச் சேரும் கடைக்கு விளம்பரம், விநியோகம், தன் பொருள்களுக்குச் சலுகை தருவது ஆகியவற்றோடு வேலை முடிந்தது. வங்கியின் பெயரை மறைத்து ‘எங்கள் கார்டு’ என்று ஃபிளெக்ஸ் கட்டக் கூடாது. கார்டில் நடக்கும் பரிவர்த்தனை விவரங்களும் கடைக்குக் கிடைக்கா. வாடிக்கையாளர் வேறெங்கே என்ன வாங்குகிறார் என்று தெரிந்துகொள்ளலாம் என்ற ஆசையில் இதில் இறங்குபவர்கள் அந்த ஆசையை இங்கேயே விட்டுவிடலாம். சொந்த பில்லிங் கணினியில் உறங்கும் கணக்கைப் புரட்டினாலே போதிய சேதி கிடைக்கும்.

அடுத்தது, எதிரே வருபவர் எல்லோரிடமும் விண்ணப்பத்தை நீட்டுவது. என் பார்வையில் இதுதான் மிக மோசமானது. நெய்வேலியில் மாதச் சம்பளம் வாங்குபவருக்கு மாதா மாதம் வரும் பில் பொருந்தும். பண்ருட்டியில் முந்திரியும் பலாவும் விற்றுப் பணம் பார்ப்பவருக்கு வருமானம் பருவத்தில்தான் வரும். தேவனாம்பட்டினத்து மீனவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பில்லுக்கோ தடைக்காலம் கிடையாது. தகுதி பாராமல் வாங்கிய விண்ணப்பத்தை வங்கி நிராகரித்தால், வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வது கடையைத்தான். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அவருடைய கடன் வரலாறு சோதிக்கப்படுவதால் சிபில் மதிப்பெண்ணும் சற்றுக் குறையலாம்.

விற்பனைப் பெண்களுக்கும் பையன்களுக்கும் ‘மாதம் இத்தனை கார்டு’ என்று இலக்கு வைத்தால் இது முற்றும். “வெறும் மெம்பர்ஷிப் அட்டைதான் அண்ணா, கையெழுத்துப் போடுங்கள்” என்று சொல்லி வாங்கும் சம்மதம் சம்மதமே ஆகாது. கேட்காத கார்டைத் தந்து பணமும் கேட்டால், வங்கி அந்தத் தொகையைத் திருப்பித் தருவதோடு இரு மடங்கு அபராதமும் கட்ட வேண்டும் என்கிறது விதி. அபராதத்தைக் கட்டுவது வங்கி. கல்யாணப் பட்டு எடுக்க அந்தக் குடும்பம் அடுத்த முறை எந்தப் படி ஏறும் என்பது கடையின் கவலை.

மாத பில்லில் ‘இவ்வளவாவது கட்டுங்கள்’ என்று வரும் குறைந்தபட்சத் தொகை சங்கதியையும் ஊழியர்கள் சொல்வதில்லை. அதை மட்டும் கட்டிவந்தால் மிச்சத்துக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும். ஆண்டுக் கணக்கில் அது 40 சதவீதத்தைத் தொடும். பண்டிகைத் தள்ளுபடியில் மிச்சம் பிடித்த பணம் அதில் எத்தனை மாதம் தாங்கும்?

தன் பெயர் போட்ட கார்டு என்றால் கடை வங்கிக்குக் கமிஷன் கட்ட வேண்டியதில்லை என்று ஒரு தப்பெண்ணமும் உண்டு. இங்கே இத்தகைய கார்டுகள் பெரும்பாலும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே வழியாகத்தான் ஓடுகின்றன. ஒப்பந்தத்தில் தனியாகப் பேசி எழுதிக்கொள்ளாவிட்டால், மற்ற கிரெடிட் கார்டுகளுக்குப் போகும் கமிஷன் இதற்கும் போகும். அதை ஈடுகட்ட ‘கார்டு என்றால் 2 சதவீதம் கூடுதல்’ என்று கல்லாவில் கேட்பவர்கள் நம் ஊரில் உண்டு. தன் பெயர் போட்ட கார்டுக்கே அப்படிக் கேட்டால் சலுகை எதற்கு?

கார்டு வருமானத்தை நம்பி லாபக் கணக்குப் போடுவதும் ஆபத்து. அமெரிக்காவின் மேசிஸ் கடைகளுக்குக் கார்டு வழியாக 2022 நிதியாண்டில் 86 கோடி டாலர் வந்தது. தவணை கட்டாதவர்கள் பெருகியதும் மறு ஆண்டே அது சுமார் 62 கோடியாகச் சரிந்தது. அங்கே வங்கியோடு லாபத்தைப் பகிர்ந்துகொள்வதால், வாராக்கடனின் அடி கடைக்கும் விழுகிறது. இங்கேயும் லாபப் பங்கு பேசுபவர்கள் ஒப்பந்தத்தில் அதைப் பற்றிய பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இரண்டு கிளை வைத்திருக்கும் ஜவுளிக் கடைக்காக வங்கி தனிக் கார்டு அச்சடிக்க முன்வருவது அரிது. அவர்களுக்கு, வாங்க வாங்கப் புள்ளி சேரும் அட்டையோ பரிசு அட்டையோ போதும். தன் கடையில் மட்டும் செல்லுபடியாகி, ரொக்கமாக மாற்ற முடியாத பரிசு அட்டைக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை.

வங்கியோடு ஒப்பந்தம் போடும் அளவுக்கு வளர்ந்த கடை என்றால், கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ஒப்பந்தம் முறிந்தால், வாடிக்கையாளர் சேர்த்து வைத்த புள்ளிகளுக்குப் பொருள் தருவது யார் பொறுப்பு?