இலையின் ஆரஞ்சிலிருந்தே விலங்கின் பழுப்பு

இலையுதிர்காலக் காட்டை வரையும்போது மான், அணில், நரி போன்றவற்றுக்கெனத் தனியாகப் பழுப்பு வண்ணம் வாங்காமல், இலைகளுக்குக் கலந்து வைத்த அதே ஆரஞ்சில் அல்ட்ராமரீன் நீலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அந்தப் பழுப்பை உருவாக்கிக்கொள்ளலாம். வண்ணச் சக்கரத்தில் ஆரஞ்சும் நீலமும் எதிரெதிராக இருப்பதால் ஒன்றின் பளிச்சிடலை மற்றொன்று தணிக்கிறது. நீலம் கூடக் கூட, செம்பழுப்பு முதல் நிழலுக்குரிய கருஞ்சாம்பல் வரை இந்த 2 வண்ணங்களிலேயே கிடைத்துவிடும். இதைவிடப் பெரிய பயன், இலையின் நிறமே விலங்கின் உடலிலும் கலந்திருப்பதால், அது வெட்டி ஒட்டிய படம்போல் தெரியாமல் காட்டின் ஒளிக்குள்ளேயே நிற்பதுதான். வெள்ளையை முதலிலேயே கலந்துவிட்டால் நிழல்கள் வெளிறிவிடும். இனத்தை அடையாளம் காட்டுவதற்கான துல்லியமான விளக்கப்படங்களுக்கு இம்முறை பொருந்தாது. அங்கே உரோமத்தின் உண்மையான நிறமே முக்கியம்.