பூமலையில கல்யாணம்: எங்க கையெழுத்து போடறது, எங்க போட்டோ எடுக்கறது

பூமலையில, அதாங்க நம்ம சிங்கப்பூர் பொட்டானிக் கார்டன்ஸ்ல, ஆர்ஓஎம், அதாவது சட்டப்படி கல்யாணப் பதிவு, வச்சுக்கலாம்னு பேச ஆரம்பிச்சிட்டீங்கன்னா முதல்ல ஒரு விஷயம். கையெழுத்து போடற இடத்தையும் போட்டோ எடுக்கற இடத்தையும் ஒண்ணா போட்டு குழப்பிக்காதீங்க. கையெழுத்து போடற இடத்தை வர்றவங்களுக்காக பார்க்கணும், அதாவது உங்க பாட்டியால அங்க நடந்து வர முடியுமா, மேல கூரை இருக்கா, டாய்லெட் எவ்வளவு தூரம், வண்டி எந்த கேட்ல நிக்கும், இதெல்லாம். போட்டோ எடுக்கற இடம் உங்க ரெண்டு பேருக்காக, அங்க வெளிச்சம் எப்படி விழுதுங்கறதுதான் கணக்கு. இந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல பட்டுப்புடவை கட்டிக்கிட்டு மெதுவா நடந்தா பத்து நிமிஷத்துக்கு மேல ஆகக்கூடாது. நிறைய பேர் ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியா போட்டோல பார்த்து ஆசைப்பட்டு லிஸ்ட் போடறாங்க, நடுவுல இருக்கற தூரத்தை யாரும் பாக்கறதில்ல, அங்கதான் வேர்த்து மேக்கப் எல்லாம் போகுது.

ஏன்னா தோட்டம் சின்னது இல்ல. 1859ல ஆரம்பிச்சது, இப்ப 82 ஹெக்டேர், 2015ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய தளமாவும் ஆயிடுச்சு, வடக்கு தெற்கா நீளமா கிடக்கு. தெற்கு முனை டாங்லின் கேட், அங்க ஸ்வான் லேக், பேண்ட்ஸ்டாண்ட் எல்லாம், பக்கத்துல நேப்பியர் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன். நடுவுல நாசிம் கேட், அங்கதான் விசிட்டர் சென்டர், ஆர்க்கிட் கார்டன், ஜிஞ்சர் கார்டன், பாம் வேலி, சிம்ஃபொனி லேக். வடக்கு முனையில புக்கிட் தீமா பக்கம் ஈக்கோ லேக், பொட்டானிக் கார்டன்ஸ் எம்ஆர்டி. இந்த முனையிலேருந்து அந்த முனைக்கு நடந்தா அரைமணி நேரம் போயிடும், புடவையில இன்னும் கூட. அதனால பத்திரிகையில பொட்டானிக் கார்டன்ஸ்னு மட்டும் போடாம எந்த கேட்டுன்னு பெரிய எழுத்துல போடுங்க. ஸ்டேஷன் பேரு தோட்டத்துப் பேரா இருக்கேன்னு நம்பி சொந்தக்காரங்க வடக்கு முனையில இறங்கிடுவாங்க, நீங்க தெற்கு முனையில சாட்சிக்காக காத்துக்கிட்டு நிப்பீங்க. ரெண்டு சாட்சி வேணும், 21 வயசு முடிஞ்சவங்களா இருக்கணும், அவங்க ரெண்டு பேரையும் மட்டுமாவது உங்க கூடவே வண்டியில கூட்டிட்டு வந்துடுங்க.

சரி, கையெழுத்துக்கு எந்த இடம். நான் முதல்ல சொல்றது பேண்ட்ஸ்டாண்ட். 1930ல கட்டின எட்டுப்பட்டை மண்டபம், வெள்ளை பெயிண்ட், மேல கூரை, சுத்தி மஞ்சள் இலை விடற தூங்குமூஞ்சி மரங்க. வெள்ளைத் தூணும் விட்டமும் வெளிச்சத்தை திருப்பி அடிக்கறதால முகத்துல கடுமையான நிழல் விழாது, கருப்பா இருக்கறவங்களுக்கும் மாநிறமா இருக்கறவங்களுக்கும் முகம் தெளிவா வரும், நம்ம ஆளுங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஆனா மேட்டு மேல இருக்கு, ஏறி வரணும், கடைசியில படியும் உண்டு. சக்கர நாற்காலியில வர்றவங்க இருந்தா கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு தடவை நாற்காலியோட போய் பார்த்துடுங்க, படிக்குப் பக்கத்துல கீழயே அவங்களுக்கு நல்ல இடமா பார்த்து உட்கார வச்சு கையெழுத்து மேஜையை அவங்க பக்கம் திருப்பிப் போட்டுக்கலாம். மண்டபத்துக்கு நடுவுல நின்னா பின்னாடி புல்வெளி வெளிச்சத்துல வெளுத்துப் போயிடும், முன்னாடி நீங்க இருட்டா தெரிவீங்க, அதனால மேஜையை விளிம்புக்கு ஒட்டி போடச் சொல்லுங்க.

ஸ்வான் லேக்கும் அழகுதான், 1866லேருந்து இருக்கற ஏரி, கரையில பழைய காலத்து வார்ப்பிரும்பு கெஸீபோ, அதாவது திறந்த சின்ன மண்டபம், ஒண்ணு இருக்கு. டாங்லின் கேட்லேருந்து கிட்ட, பெரிய ஏத்தம் கிடையாது, வயசானவங்களுக்கு பேண்ட்ஸ்டாண்டை விட சுலபம். ஆனா கெஸீபோ சின்னது. மாப்பிள்ளை, பொண்ணு, திருமணம் நடத்தி வைக்கறவர், சாட்சிங்க, அப்பா அம்மா, அதோட நிறைஞ்சிடும், மத்தவங்க வெளியில வெயில்லயோ மழையிலயோதான் நிக்கணும். வீட்டு ஆளுங்க மட்டும் இருபது பேர்னா அருமையான இடம், நூறு பேர்னா வேண்டாம்.

கூட்டம் பெருசுன்னா இல்ல மழையை நினைச்சு தூக்கம் வரலைன்னா பர்கில் ஹால் பாருங்க. ஆர்க்கிட் கார்டனுக்குள்ள, 1868ல கட்டின பழைய வீடு, தோட்டத்து டைரக்டருங்க குடியிருந்தது, அப்பா மகன் ரெண்டு பேருமே டைரக்டரா இருந்த பர்கில் குடும்பத்துப் பேரு. கூரை இருக்கு, காத்தும் நல்லா வரும். ஆனா ஆர்க்கிட் கார்டன் காலை 8.30க்குத்தான் திறக்கும், சாயங்காலம் 7க்கு மூடிடும். மத்த தோட்டம் விடியக்காலை 5லேருந்து ராத்திரி 12 வரைக்கும் இலவசமா திறந்திருக்கு, ஆர்க்கிட் கார்டனுக்கு மட்டும் டிக்கெட், ஊர்லேருந்து வர்ற சொந்தக்காரங்களுக்கு நம்மளை விட கூடுதல் கட்டணம். விருந்தாளிங்க உள்ள வர்றதுக்கு என்ன ஏற்பாடுன்னு ஹாலை புக் பண்ணும்போதே கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

வேண்டாம்னு சொல்ற இடங்களும் இருக்கு. சிம்ஃபொனி லேக்ல வார இறுதியில கச்சேரி இருந்தா மத்தியானத்துலேருந்தே சவுண்ட் செக் ஓடும், உங்க உறுதிமொழி யாருக்கும் கேக்காது, முன்கூட்டியே நிகழ்ச்சிப் பட்டியலை பார்த்துடுங்க. ஈக்கோ லேக் பக்கம் வெட்டவெளி, நிழலுக்கு ஒதுங்க தூரம் போகணும். மழைக்காட்டு நடைபாதை போட்டோவுக்கு நல்லா இருக்கும், சடங்குக்கு ஆகாது, குறுகலான பாதை, ஜனங்க நடந்துகிட்டே இருப்பாங்க, கொசு வேற.

இப்ப நேரம். இங்கதான் நம்ம குடும்பங்கள்ல பெரிய பேச்சு நடக்கும். சிங்கப்பூர்ல வருஷம் பூரா கிட்டத்தட்ட 7 மணிக்கு உதயம், 7 மணிக்கு அஸ்தமனம், உச்சி வெயில் பன்னெண்டுக்கு இல்ல, ஒரு மணிக்கு. பதினோரு மணிலேருந்து மூணு மணி வரைக்கும் சூரியன் தலைக்கு மேல நின்னு கண்ணுக்குக் கீழ கருப்பு நிழல் போடும், புடவை ஜரிகை பளீர்னு வெள்ளைத் தீட்டா தெரியும். நல்ல வெளிச்சம் காலையில 7.30லேருந்து 9.30, சாயங்காலம் 5.30க்கு மேல. சாயங்காலமே வச்சுக்கலாம்னு தோணும், ஆனா ஞாயித்துக்கிழமைன்னா ராகுகாலத்தை யோசிங்க. ஊர்ல ஞாயிறு 4.30லேருந்து 6னு மனப்பாடமா சொல்லுவாங்க, அது காலை 6 மணி உதயத்தை வச்ச கணக்கு, பகலை எட்டா பிரிச்சு கடைசி பங்கு. இங்க உதயமே 7 மணிங்கறதால உள்ளூர் கணக்குல அது சுமார் 5.30லேருந்து 7 ஆகுது, அதாவது அந்த அருமையான சாயங்கால வெளிச்சம் அப்படியே ராகுகாலத்துக்குள்ள போயிடும். சனிக்கிழமை ராகுகாலம் மூணாவது பங்கு, இங்க சுமார் 10லேருந்து 11.30. அதனால சனிக்கிழமை காலை 8.30க்கு கையெழுத்து, 9 மணிலேருந்து போட்டோன்னு வச்சா பெரியவங்களுக்கும் திருப்தி, கேமராக்காரருக்கும் திருப்தி. எந்த கணக்கை எடுத்துக்கறதுன்னு உங்க கோயில் ஐயர்கிட்ட முன்னாடியே கேட்டு ரெண்டு வீட்டுக்கும் ஒரே பதிலா சொல்லிடுங்க.

மழை பத்தியும் யோசிக்கணும். டிசம்பர், ஜனவரியில வடகிழக்கு பருவமழை, விட்டு விட்டு நாள் பூரா பெய்யும். ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர்ல மத்தியானத்துக்கு மேல இடியோட கொட்டும். ஏப்ரல்லேருந்து நவம்பருக்குள்ள சுமத்ரா பக்கத்துலேருந்து அடிச்சுகிட்டு வர்ற மழைக்காத்து விடியக்காலையில வந்து ரெண்டு மணி நேரத்துல கடந்து போறதும் உண்டு, அப்படி வந்தா பயந்து எல்லாத்தையும் ரத்து பண்ணிடாதீங்க, கொஞ்சம் பொறுத்தா வானம் தெளிஞ்சு போட்டோவுக்கு மரமெல்லாம் கழுவி விட்ட மாதிரி இருக்கும். ஆனா இடி மின்னல்னா விளையாட்டு இல்ல, உலகத்துலயே மின்னல் அதிகமா அடிக்கற ஊர்கள்ல நம்ம ஊரும் ஒண்ணு, தனி மரத்துக்கு கீழயோ திறந்த மண்டபத்துலயோ நிக்காம எல்லாரையும் கட்டடத்துக்குள்ள கூட்டிட்டு போங்க. யார் அந்த முடிவை எடுக்கறதுன்னு ஒரு ஆளை முன்னாடியே சொல்லி வைங்க, அது மாப்பிள்ளையா இருக்க வேண்டாம்.

போட்டோ இடம் பாக்கும்போது புடவை கலரை கையில வச்சுக்கிட்டு பாருங்க. ஆர்க்கிட் கார்டன்ல மஞ்சள் ஆர்க்கிட் வளைவுகள் இருக்கே, அதுக்கு கீழ மாம்பழ மஞ்சள் புடவை கட்டி நின்னா புடவையும் பூவும் ஒண்ணாயிடும், அரக்கோ மயில்கழுத்தோ இருந்தா அங்க தூக்கி நிக்கும். கிளிப்பச்சை புடவைன்னா மழைக்காட்டுப் பக்கமே போகாதீங்க, பேண்ட்ஸ்டாண்டோட வெள்ளைதான் அதுக்கு. பாம் வேலியில நெட்டு நெட்டா பனை இனத்து மரங்க, நடுவுல புல்வெளி சரிவு, தூரத்துலேருந்து எடுக்கற படத்துக்கு அது மாதிரி இடம் இல்ல, முந்தானை நீளமா விரிஞ்சு தெரியும். ஜிஞ்சர் கார்டன்ல சின்ன அருவி உண்டு, அங்க நிழல் ஜாஸ்தி, வெயில் ஏறின பிறகும் எடுக்கலாம், அதனால அதை கடைசிக்கு வச்சுக்கோங்க. ஆர்க்கிட் கார்டன்ல கூல் ஹவுஸ்ங்கற குளிரூட்டின செடி வீட்டுக்குள்ள போயிட்டு வெளிய வந்தா லென்ஸ்ல ஆவி படியும், அது தெளிய நேரம் விடணும், அந்த நேரத்தையும் கணக்குல சேருங்க.

அப்புறம் டெம்புசு மரம். 5 வெள்ளி நோட்டுக்குப் பின்னாடி இருக்கே, தாழ்வா ஒரு கிளை நீண்டு போகுமே, அதே மரம். தோட்டம் போடறதுக்கு முன்னாடியே அங்க நின்ன மரம்னு சொல்றாங்க. முன்னெல்லாம் ஜோடிங்க அந்தக் கிளையில உட்கார்ந்து எடுப்பாங்க, இப்ப வேரைக் காப்பாத்த வேலி போட்டிருக்கு, தயவு செஞ்சு தாண்டாதீங்க. வேலிக்கு வெளிய கொஞ்சம் தள்ளி நின்னு முழு மரமும் வர்ற மாதிரி எடுத்தா மரத்தோட பிரம்மாண்டம் தெரியும், எனக்கு அந்தப் படம்தான் பிடிக்கும்.

வடமேற்குல காலப் எக்ஸ்டென்ஷன்ங்கற விரிவாக்கப் பகுதியை 2021ல திறந்தாங்க, அத்பராங்கற 1898 வீடு, இன்வெர்டர்ரெட்ங்கற 1906 வீடு, கருப்பு வெள்ளை பங்களாங்க. கூட்டம் குறைவு, பட்டுக்கு பின்னணியா ரொம்ப எடுப்பா இருக்கும். ஆனா டாங்லின்ல கையெழுத்து போட்டுட்டு இங்க நடந்து வரலாம்னு நினைக்காதீங்க, இது வேணும்னா வேற ஒரு நாள் ப்ரீ-வெட்டிங்குக்கு வச்சுக்கோங்க.

மரத்துக்கு கீழ நிக்கும்போது ஒரு சின்ன வித்தை. நடுநிழல்ல நின்னா மேல இலை, கீழ புல்லு, ரெண்டும் சேர்ந்து முகத்துல பச்சை அடிக்கும், மாநிறத்துல அது சோர்ந்து போன மாதிரி காட்டும். நிழல் முடியற விளிம்புல நின்னு திறந்த வானத்தைப் பார்த்து திரும்புங்க, முகம் தெளிஞ்சிடும். மாப்பிள்ளையோட வெள்ளை வேட்டியே பாதி ரிஃப்ளெக்டர் வேலை செய்யும், உட்கார்ந்து எடுக்கற படத்துல பாருங்க தெரியும்.

பொண்ணுக்கு ஹீல்ஸ் வேண்டாம், புல்லுல குச்சி மாதிரி இறங்கும். கொசு மருந்தை புடவை கட்டறதுக்கு முன்னாடியே அடிச்சுக்கோங்க, பட்டுல பட்டா கறை. மாலையும் மல்லியும் பஃபலோ ரோட்டு பூக்கடையில சொல்லி வச்சு அன்னிக்கு காலையில எடுத்து, ஐஸ் பெட்டியில ஈரத்துணி போட்டு வச்சு, மாத்தற நேரத்துக்கு வெளிய எடுங்க, இந்த வெக்கைக்கு வெளிய வச்சா ஒரு மணி நேரத்துல தொங்கிடும்.

ஹோமம் தோட்டத்துல வைக்க நினைக்காதீங்க, தீ மூட்ட விடமாட்டாங்க, தாலி கட்டறதை கோயில்ல வச்சுக்கோங்க, நம்ம ஆளுங்க பெரும்பாலும் அப்படித்தானே செய்யறாங்க. அட்சதையும் அங்கயே தூவிக்கலாம், தோட்டத்துல தூவினா மஞ்சள் அரிசி வெள்ளைத் தரையில கறையாகும், பறவைங்களும் வந்து பொறுக்கும், காட்டு உயிர்களுக்கு தீனி போடறது சட்டப்படி குத்தம். ட்ரோன் அனுமதியில்லாம பறக்க விடக்கூடாது. நாற்காலி, மேஜை, வளைவு எது கொண்டு வந்தாலும், கேமரா ஆளுங்க எத்தனை பேர்னாலும், நேஷனல் பார்க்ஸ் போர்டுக்கு எழுதி அனுமதி வாங்கின பிறகு பத்திரிகை அடிங்க. திருமண நோட்டீஸ் குறைஞ்சது 21 நாள் முன்னாடி கொடுக்கணும்ங்கறதையும் மறந்துடாதீங்க.

அன்னிக்கு வரிசை இப்படி வைங்க. கையெழுத்து முடிஞ்ச உடனே யாரையும் நகர விடாம அதே இடத்துல குடும்ப போட்டோ, முதல்ல தாத்தா பாட்டிங்க இருக்கற படம், அப்புறம் பெரியப்பா சித்தப்பா குடும்பங்க, அப்புறம் ஃப்ரெண்ட்ஸ். பெயர் சொல்லிக் கூப்பிட ரெண்டு பக்கத்து சொந்தத்தையும் முகம் தெரிஞ்ச ஒரு அத்தையையோ மாமாவையோ நிறுத்துங்க, கேமராக்காரரால அது முடியாது. பெரியவங்களை வண்டி ஏத்தி சாப்பாட்டுக்கு அனுப்பிட்டு, அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் கேமராக்காரரும் தண்ணி பாட்டில் பிடிக்க ஒரு தங்கச்சியும் மட்டும் நடந்து போய் உங்க படங்களை எடுத்துக்கோங்க.