பையருக்கு மெயில் அனுப்பும் முன் ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சன்டைசிங் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து சீட்டுப் பையன் எங்களிடம் துணி வாங்கும் ஒரு பையருக்கு 'வீ வில் சென்ட் த சாம்பிள்ஸ் டில் ஃப்ரைடே' என்று எழுதி அனுப்பிவிட்டான். புதன்கிழமையே அந்தப் பக்கமிருந்து ஃபோன், தினமும் அனுப்புவதாகச் சொன்னீர்களே, இன்னும் ஒன்றுகூட வரவில்லையே என்று. பையன் முழிக்க, எங்கள் சீனியர் அக்கா அவன் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, தமிழ்ல சொல்லு, வெள்ளிக்கிழமைக்குள்ளயா, வெள்ளிக்கிழமை வரைக்குமா?" என்று கேட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ளதானுங்க அக்கா." "அப்ப அது டில் இல்ல, பை."

அன்றைக்குப் பிடித்த பழக்கம், இன்றுவரை விடவில்லை. ஆங்கிலத்தில் எந்த வார்த்தை போடுவது என்று கை நின்றுவிட்டால், சொல்ல வந்ததை முதலில் வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். பல இடங்களில் விடை தமிழ் விகுதியிலேயே இருக்கிறது. 'வரைக்கும்' வந்தால் 'டில்' அல்லது 'அன்டில்'. 'க்குள்' வந்தால் மட்டும் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: அதற்கு முன்னால் இருப்பது கிழமையோ தேதியோவா, இல்லை கால அளவா? வெள்ளிக்கிழமைக்குள், 15-ஆம் தேதிக்குள் என்றால் 'பை'. ரெண்டு நாளைக்குள், ஒரு வாரத்துக்குள் என்றால் 'விதின்'. இங்கே 'இன் டூ டேஸ்' என்று எழுதினால் படிப்பவர் பெரும்பாலும் ரெண்டு நாள் கழித்து என்றுதான் எடுத்துக்கொள்வார். தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்பும் தேதியை இப்படி எழுதிவைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

'சின்ஸ்', 'ஃபார்' இரண்டும் இதே மாதிரிதான். '2019-லிருந்து' என்று சொல்ல வந்தால் 'சின்ஸ்', 'அஞ்சு வருஷமா' என்று வந்தால் 'ஃபார்'. 'லிருந்து' ஒரு தொடக்கத்தைக் காட்டுகிறது, 'ஆ' என்று இழுப்பது நீளத்தைக் காட்டுகிறது. ஆனால் இங்கே தமிழை முழுசாக நம்பிவிடாதீர்கள். நாம் 'அஞ்சு வருஷமா வேலை செய்யறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்வதால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று வந்துவிடுகிறது. அங்கே 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றுதான் வர வேண்டும். இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு: 'நேத்து அனுப்பிட்டேன்' என்பதில் வரும் அந்த 'ட்டேன்' நம்மை 'ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே' என்று எழுத வைக்கும். நேற்று, போன வாரம், திங்கட்கிழமை என்று முடிந்துபோன நேரம் வாக்கியத்துக்குள் வந்துவிட்டால் 'ஹேவ்' வேண்டாம், 'ஐ சென்ட் இட் யெஸ்டர்டே' போதும்.

அப்புறம் 'ஒரு' என்பதற்கு வரும் 'எ', 'ஆன்'. பள்ளிக்கூடத்தில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று எழுத்தை மனப்பாடம் செய்ய வைத்தார்கள், அதனால்தான் பாதிப் பேர் 'ஆன் யூனிஃபார்ம்' என்று எழுதுகிறார்கள். பார்க்க வேண்டியது ஒலியை. அதற்கு நம்மிடம் அருமையான வழி இருக்கிறது: அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்', உயிர்மெய்யில் தொடங்கினால் 'எ'. யூனிஃபார்ம், யூரோப்பியன் இரண்டும் 'யூ'வில் தொடங்குவதால் 'எ'. இன்வாய்ஸ், ஆர்டர் இரண்டுக்கும் 'ஆன்'. சைஸ் எழுதும்போது எஸ், எம், எல், எக்ஸ்எல் எல்லாமே 'எ'கரத்தில் தொடங்குகின்றன, அதனால் 'ஆன் எக்ஸ்எல் டிஷர்ட்'. மணி நேரத்தைக் குறிக்கும் சொல் ஹெச்சில் தொடங்கினாலும் ஒலி 'அவர்' என்பதால் 'ஆன்'. ரெண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'ஒன்' என்று எழுதினாலும் அதன் ஒலி 'வன்' என்பதால் 'எ' தான் வரும். மஞ்சள் நிறம் 'யெல்லோ', நாம் பேச்சில் 'எல்லோ' என்றாலும் அதற்கும் 'எ' தான்.

'ஃபியூவர்', 'லெஸ்' குழப்பத்துக்கு நம் ஊர்ச் சந்தையே போதும். நாமக்கல் முட்டையை எண்ணுகிறோம், அதனால் 'ஃபியூவர்'. ஈரோட்டு மஞ்சளை எடை போடுகிறோம், அதனால் 'லெஸ்'. பீஸ் குறைந்தால் 'ஃபியூவர் பீசஸ்', கிலோ கணக்கில் வரும் நிட்டிங் துணி குறைந்தால் 'லெஸ் ஃபேப்ரிக்'. பணம், நேரம், தூரம், எடை இவற்றுக்கு முன்னால் எண் வந்தாலும் 'லெஸ்'தான்: 'லெஸ் தேன் டென் கிலோஸ்'.

இனி, தமிழில் ஒரே சொல்லாக இருந்து ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும் இடங்கள். இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். 'சொல்' என்பது 'சே'யும் ஆகும், 'டெல்'லும் ஆகும். யாரிடம் என்பது உடனே பின்னால் வந்தால் 'டெல்': 'ஐ டோல்ட் ஹிம்'. வராவிட்டால் 'சே'. 'ஐ செட் ஹிம்' என்று எழுதக் கூடாது. ஆனால் 'எக்ஸ்ப்ளெய்ன்' அப்படி இல்லை, அதற்கு நடுவில் 'டு' வேண்டும். 'டிஸ்கஸ்' என்பதற்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது, அதனால் 'டிஸ்கஸ் அபவுட்' வேண்டாம்.

இந்த வகையில் எனக்கு ரொம்பக் கவலை தருவது 'டவுட்'. தமிழில் விளக்கம் கேட்பதும் சந்தேகம், நம்பாமல் இருப்பதும் சந்தேகம். 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் பேமெண்ட்' என்று எழுதினால், நீங்கள் சும்மா தேதி கேட்டிருப்பீர்கள், லண்டனில் இருப்பவரோ தன் நாணயத்தையே கேள்வி கேட்கிறார்கள் என்று நினைத்துவிடலாம். 'கொஸ்டின்' என்று போடுங்கள்.

கடைசியாக 'வீ'. இதில் குறை நம் பக்கம் இல்லை, நம்மிடம் நாங்களும் நாமும் தனித்தனியாக இருக்க, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்தான். 'வீ ஷுட் செக் த பேக்கிங் லிஸ்ட்' என்று அனுப்பினால் நீங்கள் மட்டும் பார்ப்பீர்களா, அவரும் சேர்ந்து பார்க்க வேண்டுமா என்று தெரியாது. நாங்கள் என்றால் 'அவர் (our) டீம் வில் செக்' என்று எழுதுங்கள், நாம் என்றால் 'யூ அண்ட் ஐ' அல்லது 'போத் டீம்ஸ்' என்று உடைத்தே எழுதிவிடுங்கள்.