ஆர்கானிக் சோலார் செல்: அடுக்கு அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி பக்கம் ஆர்கானிக் சோலார் செல்லை (சிலிக்கானுக்குப் பதில் கார்பன் சேர்மங்களால் ஆன சோலார் செல்) ப்ராஜெக்ட்டாக எடுக்கும் மாணவர்கள் பலர் முதலில் யோசிப்பது ஒளியை உறிஞ்சும் நடு அடுக்கைத் தடிமனாக்குவதைத்தான். தடித்தால் ஒளி அதிகம் உறிஞ்சப்படும், மின்சாரமும் கூடும் என்று கணக்குப் போடுகிறார்கள். அதில் பாதிதான் சரி.

ஒளி பட்டதும் பிறப்பது எக்சிட்டான், அதாவது பிரியாத எலக்ட்ரான்-துளை ஜோடி. அது சுமார் 10 நானோமீட்டர்தான் நகரும். அதற்குள், எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருளும் வாங்கும் பொருளும் சந்திக்கும் எல்லை கிடைக்காவிட்டால் வீணாகிவிடும். 1986-ல் ஆராய்ச்சியாளர் டாங் வெளியிட்ட இரண்டடுக்கு செல் சுமார் 1 சதவீதத் திறனில் நின்றதற்கு இது முக்கியக் காரணம். 1995 வாக்கில் இரண்டையும் கலந்தே பூசத் தொடங்கியதும் அந்தத் தடை தளர்ந்தது. ஆனால் பிரிந்த மின்னூட்டங்கள் மின்முனை வரை போய்ச் சேர வேண்டுமே! பாதை நீண்டால் நடுவிலேயே மறுபடி இணைந்துவிடும், ஃபில் ஃபாக்டர் (செல்லின் உச்ச மின்னழுத்தம், உச்ச மின்னோட்டம் இரண்டின் பெருக்கலில் உண்மையில் கிடைக்கும் மின்திறனின் பங்கு) இறங்கும். அப்புறம், பின்பக்க உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி உள்ளே வரும் ஒளியோடு குறுக்கிடுவதால், தடிமன் கூடும்போது மின்னோட்டம் நேர்கோட்டில் ஏறாது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். அதனால் 80, 100, 120 நானோமீட்டர் என்று வரிசையாகப் பூசிப் பாருங்கள். ஒரே தடிமனில் அளந்துவிட்டுப் நடு அடுக்கில் உள்ள பாலிமரைக் குறை சொல்வது நியாயமில்லை.

நடு அடுக்குக்கும் மின்முனைகளுக்கும் நடுவே வரும் இடை அடுக்குகளை அலட்சியம் செய்வதுதான் என் பார்வையில் பெரிய தவறு. துளைகளைக் கடத்தும் இடை அடுக்குக்காகப் பூசும் பெடாட்-பிஎஸ்எஸ் என்கிற நீலத் திரவம் அமிலத்தன்மை உள்ளது. ஈரத்தை இழுக்கும், கண்ணாடி மேல் ஒளி ஊடுருவும் மின்முனையாக இருக்கும் ஐடிஓ-வையும் நாளடைவில் அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசிய கண்ணாடியைத் திறந்த மேசையில் விட்டுவிடாதீர்கள். சூட்டில் நன்றாக உலர்த்தி, உடனே காற்றும் ஈரமும் புகாத கிளவ் பாக்ஸுக்குள் கொண்டுபோங்கள். எலக்ட்ரான் கீழேயும் துளை மேலேயும் சேரும் தலைகீழ் அமைப்பில் இதையே நடு அடுக்கின் மேல் ஊற்றினால் பரவாது, முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். அங்கே மாலிப்டினம் ஆக்சைடை 10 நானோமீட்டர் அளவுக்கு ஆவியாக்கிப் படியவைப்பதே நல்லது. மேல் அடுக்கின் கரைப்பான் கீழ் அடுக்கைக் கரைக்குமா என்பதையும் முன்கூட்டியே ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, சூடு. அளவீட்டுக்கான தரநிலை 25 டிகிரி. நம்மூர்க் கத்திரி வெயிலோ 40-ஐத் தாண்டும், வெயிலில் இருக்கும் செல் அதைவிடச் சூடாகும். பி3எச்டி என்கிற பாலிமரும் பிசிபிஎம் என்கிற ஃபுல்லரின் சேர்மமும் கலந்த நடு அடுக்குக்குச் சில நிமிட ஆனீலிங் (சூடாக்கிப் பதப்படுத்துவது) நல்லது. அதே சூடு மணிக்கணக்கில் நீடித்தால் பிசிபிஎம் தனியே திரளத் தொடங்கும். ஆகவே தடிமனை முடிவு செய்யும் முன், செல்களை 65 டிகிரி ஹாட் பிளேட்டில் சில நாள் வைத்து மறுபடி அளந்துவிடுங்கள்.